பனைமரத்தில் விட்டுவந்த துணி

துணி இருக்கும் இடத்தில் வண்டி இருக்கும். வண்டி இருக்கும் இடத்தில் அம்மாவும் அப்பாவும் இருப்போம். வழி தெரியாமல் போனால் எங்களைத் தேடாதே, துணியைத் தேடு. அதனடியில் போய் நில். நாங்கள் வரும்வரை நகராதே, யார் கூப்பிட்டாலும் போகாதே. எங்கள் இரண்டு பெண்களுக்கும் நாங்கள் கற்றுக்கொடுத்த பயண விதி இவ்வளவுதான். பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. எந்த விதியையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வாள். சின்னவளுக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. அவள் கேள்வி கேட்பதில்லை. சொன்னால் சொன்னதுதான்.

என் கணவர் நெல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கிறார். சேற்று வயலிலும் இறங்கி அறுக்கிற செயின் மெஷின். நெல் எங்கே முற்றுகிறதோ அங்கே அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பொங்கல் கழிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம், பங்குனி சித்திரையில் ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம், வைகாசிக்குமேல் திரும்பி விழுப்புரம், திருவண்ணாமலை, புரட்டாசியில் மறுபடி குறுவை அறுப்புக்குத் தெற்கே. ஐப்பசி மழைதான் அவரை வீட்டுக்குத் துரத்திவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஐப்பசியில் தாடியோடு கறுத்துப்போய் வந்து கரிக்கலாம்பாக்கத்து வீட்டு வாசலில் நின்றவரைப் பார்த்து, அப்போது மூன்று வயதாயிருந்த சின்னவள் உள்ளே ஓடிவந்து சொன்னாள். “அம்மா, யாரோ வந்துகிறாங்க.”

அவர் சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அதற்கு அடுத்த வருஷம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினோம். மேல்தளம் போட்ட அளவில் வேலை நின்றது. கதவில்லை, பூச்சில்லை. விட்டுப் போக வீடே இல்லை என்றானபின் போகத் தயங்குவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. தனியார் பள்ளி ஒன்றில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் பலகை அடித்து, அடியில் பாத்திரம், மேலே பாய் என்று செய்துகொண்டோம். தை மாதம், பொங்கல் கரும்பின் சக்கை வாசலில் காயுமுன் புறப்பட்டோம். மாலையானால் அன்றைய ஊர், காற்று, நெல் ரகம் எல்லாவற்றையும் நான்கு வரி குறித்துவைப்பது கல்லூரிக் காலத்திலிருந்து என் பழக்கம். ஆனால் இதை எழுத அந்தக் குறிப்புகளைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

பயண நூல்கள் நிறையப் படித்தவள் நான். அவற்றில் குழந்தைகள் வருவதே இல்லை என்பது புறப்பட்ட முதல் வாரத்தில்தான் உறைத்தது. எழுதியவர்கள் தங்கள் குழந்தைகளை யாரோ ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

துணி வந்த கதை முதல் நிறுத்தத்திலேயே நடந்தது. காவிரியின் கடைமடைப் பகுதியில் ஓர் ஊர். காலையில் வேனை ஒரு வரப்போரம் நிறுத்தினோம். சுற்றிலும் இடுப்புயரப் பழுத்த நெல். பெரியவள் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு எங்கேயோ விளையாடப் போனாள். அவள் அப்பா மெஷினை இறக்கினார். மாலையில் அவள் திரும்பி வந்தபோது வயல் இல்லை. நெல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையாக அவள் பார்த்து வைத்திருந்ததெல்லாம் அறுத்த வெறும் தாளாகக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி அடிக்கட்டை, ஒரே மாதிரி வைக்கோல். அவள் வேறு திசையில் நடந்து, அடுத்த ஊர் எல்லையில் ஒரு டீக்கடைக்காரர் பிடித்து உட்காரவைத்த பிறகே கிடைத்தாள். எங்கள் மெஷினே எங்கள் குழந்தைக்கு வழியை அழித்துவிட்டது என்று அன்று எழுதி வைத்தேன். கூடவே, இது முதல் தடவைதான் என்றும் எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை இவர் என் பழைய வாயில் புடவை ஒன்றைக் கிழித்தார். நல்ல சிவப்பு. வேன் கூரைமேல் ஏறி நின்று, பக்கத்திலிருந்த தென்னையில் கை எட்டுகிற உயரத்தில் சுற்றி முடிந்து, மீதியைப் பறக்கவிட்டார். பிறகு இரண்டு பேரையும் வயலின் கடைசி வரப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னார். விதியைச் சொல்லிக்கொடுத்தார்.

பெரியவள் கேட்டாள். “ஏம்பா, துணி இருந்து வண்டி இல்லன்னா?”

“அது எப்பிடிடி? துணிய அவுக்காம வண்டிய எடுப்பனா நானு?”

“மறந்துட்டா?”

“உன்ன மறந்தாலும் மறப்பன், துணிய மறக்க மாட்டன். போ.”

சின்னவள் ஒன்றும் கேட்கவில்லை. துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பின் எல்லா ஊரிலும் அதுவே வழக்கமாயிற்று. வந்ததும் கூரைமேல் ஏறித் துணி கட்டுவார். போகும்போது முதல் வேலையாக ஏறி அவிழ்த்து, உதறி மடித்து, சின்னவள் கையில் கொடுப்பார். அடுத்த ஊர் வரும்வரை அவள் அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த மாதங்களில் சந்தோஷம் இல்லையென்று சொன்னால் பொய். பம்புசெட் தொட்டியில் பிள்ளைகள் ஊறிக் கிடந்தார்கள். மெஷின் பின்னால் வரும் கொக்குகளுக்குச் சின்னவள் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தாள். முன்பின் தெரியாத வீட்டுப் பெண்கள் எண்ணெய் வைத்துத் தலை பின்னி அனுப்பினார்கள். பெரியவள் நெல்லூர்ப் பக்கம் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே தெலுங்கு எழுத்துக் கூட்டினாள். எங்கள் வேனில் புதுச்சேரி எண் பலகை இருந்ததால் சோதனைச் சாவடிகளில் எல்லாம் நிறுத்துவார்கள். “சரக்கு இருக்கா?” என்று ஒரு காவலர் டார்ச்சோடு கதவைத் திறந்தார். “ரெண்டு இருக்கு சார், தூங்குது. எழுப்பிடாதீங்க, நாளைக்குத்தான் அப்பறம் தூங்கும்” என்றார் இவர். அந்தக் காவலர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அப்பா என்றால் யாரோ என்றிருந்தவள், அவர் முதுகில் கிடந்து தூங்கினாள். அதற்காகவே போனோம். அது கிடைத்தது.

ஆனால் எனக்கு ஒரு பயம் விடவில்லை. பெரியவள் தொலைந்தால் சத்தம் போடுவாள், யாரையாவது கேட்பாள். சின்னவள் தொலைந்தால் சத்தமே இருக்காது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நெல்லூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஒரு நாள் அது நடந்தது போலவே ஆயிற்று. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அவளைக் காணோம். மெஷின் அப்போதுதான் ஒரு பெரிய வயலை முடித்து நின்றிருந்தது. வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. குழந்தைகள் வைக்கோலுக்குள் புகுந்து தூங்குவார்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதும் இவர் மெஷினைவிட்டுக் குதித்தார். நான் மெஷினின் முன்பக்கம், வெட்டும் பற்கள் இருக்கிற பக்கம், பார்க்காமல் நின்றேன். வைக்கோலைக் கை கையாக வாரிப் புரட்டினோம். மொழி தெரியாத ஊர். அங்கிருந்தவர்கள் எங்களோடு சேர்ந்து புரட்டினார்கள்.

பெரியவள்தான் வேன் பக்கமிருந்து கத்தினாள். “எம்மா, இவ இங்கதான் குந்திகிறா.”

துணியடியில் உட்கார்ந்திருந்தாள். கன்றுக்குட்டி பின்னால் போனாளாம். வழி தெரியவில்லையாம். துணி தெரிந்ததாம், வந்துவிட்டாளாம். நாங்கள் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தபோதும் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“நகரக்கூடாதுன்னு அப்பா சொல்லிகிது.”

“நவுரத்தான கூடாது, பேசலாம்டி” என்றாள் பெரியவள்.

அன்று மாலை இவர் வெகுநாளைக்குப் பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மெஷினுக்குக் கிரீஸ் வைத்தார். “பெரியவள நெனச்சாதான் பயம். இவ பொழச்சிக்குவா. ஒருதரம் சொன்னா போதும்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனாலேயே தூக்கம் வரவில்லை.

ஐப்பசி பிறந்து சில நாளில் ஊர்ப் பக்கம் திரும்பினோம். வீட்டுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. மெஷினின் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பிரித்துப் போட இடம் வேண்டும். பாகூர் ஏரிக்குக் கீழே, தெரிந்த விவசாயி ஒருவரின் நெல் களம் சும்மா கிடந்தது. மழை பலமாகும்வரை இருந்துகொள்ளச் சொன்னார். களத்தின் உயரமான பக்கத்தில் மெஷின் நின்றது. தாழ்ந்த பக்கத்தில், பாசன வாய்க்கால் ஓரம், வேன். வாய்க்கால் கரையில் ஒற்றைப் பனை. இவர் கூரைமேல் ஏறிப் பனையில் துணியைக் கட்டினார். அந்தக் களத்திலிருந்து ஊர்ப்பக்கம் மரமே கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் துணி தெரிந்தது.

பெரியவளைப் பள்ளியில் சேர்த்தோம். சின்னவளைப் பால்வாடியில் விட்டோம். நான்கு சுவருக்குள் உட்காருவது அவளுக்குப் பழகவில்லை. ஜன்னலோரமே உட்காருவாளாம். வயலுக்கு அப்பால் பனையும் துணியும் அங்கிருந்து தெரிந்தன. தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்வி. “வண்டி எங்கயும் போவாதே?”

“போவாது. துணி இருக்குதுல்ல?” என்பேன்.

மாலையில் அவளைக் கூட்டிவருவதற்கு ஒரு வழி கிடைத்தது. வாய்க்கால் தலைப்பில் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய பேத்தியும் அதே பால்வாடி. இரண்டு பேரையும் அவரே அழைத்துவந்து, தன் வீட்டுத் திருப்பத்தில் நின்று, எங்கள் வேன் வரை சின்னவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். “டீச்சரே, உம் பொண்ண இட்டாரவே வேணாம். கயித்துல கட்டி இழுத்தாப்புல நேரா துணிக்குதான் போவுது. என் ஆடுங்களுக்கு இந்தப் புத்தி இருந்தா நான் ஏன் தொரட்டியோட அலையறன்” என்று சிரிப்பார்.

மழை ஐப்பசி நடுவில் பிடித்தது. முதல் மூன்று நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். பிறகு ஊரில் பேச்சின் தொனி மாறியது. காலையில் ஏரிக்கரைமேல் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை அடி என்று மட்டும் சொல்லிப் போனார்கள். கரையின் கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் மண் எப்போதும் ஈரமாகவே இருந்தது. அதன்மேல் யாரோ மணல் மூட்டை வைத்தார்கள். மறுநாள் அதன் பக்கத்தில் இன்னும் சில மூட்டைகள். களத்தைச் சுற்றித் திரிந்த நாய்கள் குட்டிகளோடு கரைமேல் ஏறிவிட்டன. மதகுச் சத்தம், முன்பு காது கொடுத்தால் கேட்டது, இப்போது பேச்சின் நடுவே நுழைந்தது. சின்னவள் தூக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிப்பாள்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு காலையில் ஆட்டோவில் மைக் கட்டி, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகும்படி சொல்லிக்கொண்டு போனார்கள். களத்துக்காரர் குடையோடு வந்தார்.

“தம்பி, ஏரி ரொம்பிப்போச்சி. உபரித் தண்ணியத் தொறந்துட்டா இந்த வாய்க்கா தாங்காது. மிஷினு இரும்பு, நின்னுகினு போவட்டும். புள்ளைங்கள வெச்சிகினு இங்க இன்னா வேல?”

“இன்னிக்கே எடுத்துடறன்ணே. பசங்க பள்ளிக்கூடம் போவட்டும்.”

பிள்ளைகள் போனபின் வேனைக் கிளப்பினார். அது கிளம்பியது, நகரவில்லை. பின்சக்கரம் சேற்றில் சுழன்று சுழன்று அச்சு வரை இறங்கியது. களத்துக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். அந்த வருஷம் முழுக்க முதல் வேலை கூரைமேல் ஏறுவது. அன்று கூரை வழுக்கியது, வேன் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது, டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. வேன் சேற்றைவிட்டு வெளியே வந்த வேகத்தில் பனையைத் தாண்டி மேட்டுக்கு வந்துவிட்டது. திரும்பப் போனால் மறுபடி இறங்கிவிடும். நான் பனையை அண்ணாந்து பார்த்தேன். துணி நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது. வேன் கூரை இல்லாமல் அது யாருக்கும் எட்டாது.

“துணி?” என்றேன்.

“வரும்போது ஏணி எடுத்தாந்து அவுத்துக்கறன். பசங்கள நாமதான கூட்டியாரப் போறோம்.”

வேனை ரோட்டோரம் பால்வாடிக்குப் பின்னாலிருந்த மேட்டில் நிறுத்தினோம். சின்னவளுக்கு இதைவிடப் பக்கமாக வண்டி என்றைக்குமே நின்றதில்லை. நடுவில் ஒரு சுவர்தான். மெஷினுக்குப் பெல்ட்டு வாங்க இவர் வில்லியனூர் பஸ்ஸில் ஏறினார். நான் நனைந்த பாய்களை உதறிக் கட்டினேன். பால்வாடி விடும் நேரத்துக்குப் போய் நானே கூட்டிவருவதாக இருந்தேன்.

மழை வலுத்ததால் பால்வாடியைச் சோறு போட்டதும் விட்டுவிட்டார்கள். ஆட்டுக்கார அக்கா பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், வழக்கம்போல் என் பெண்ணையும் கூட்டிக்கொண்டார். அவர்கள் முன்வாசல் வழியாகப் போனபோது நான் பின்சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பில் அவளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நான் போனபோது பால்வாடி பூட்டியிருந்தது.

ஓடவில்லை. அக்கா வீட்டில்தான் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தேன். அக்கா கொட்டகையில் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது வியப்பு.

“இன்னா டீச்சரே, நீ இந்தப் பக்கத்துலேந்து வர்ற?”

“பாப்பா எங்கக்கா?”

“அப்பவே வுட்டுட்டனே. மழைல வண்டி கண்ணுக்குத் தெரியல, துணி மட்டும் தெரிஞ்சிது. ‘தோ துணி’ன்னிட்டு ஓடுச்சி. வண்டி அங்கதான…” அவர் முடிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கிவிட்டார். ஏன் எடுத்தார் என்று பின்னால் கேட்டேன். தண்ணீரில் ஆழம் பார்க்க என்றார்.

வாய்க்கால் கரை பாதி தூரம்தான் இருந்தது. அதற்கப்பால் வாய்க்காலும் வயலும் ஒன்றாகியிருந்தன. நீர் டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. நண்டுகள் எங்கள் பாதத்தின்மேல் ஏறி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் பனை. துணி இப்போது காற்றில் பிரிந்து பறந்தது. எத்தனையோ ஊரில் அதைப் பார்த்ததும் என் மனம் அடங்கியிருக்கிறது. அன்று கண் துணியில் நிற்கவில்லை, கீழே இறங்கியது. அதன் கீழே வேன் இல்லை. வேன் நின்ற இடமும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

முதலில் களத்துக்காரரைத்தான் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றிருந்தார். குடை எங்கேயோ போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையை மட்டும் தூக்கி, மெதுவாக வரச் சொன்னார்.

“கத்தாதம்மா. அதோ இருக்குது.”

பனையின் அடியில் வேர் திரண்டு ஒரு மேடு. அதன்மேல் சின்னவள். முதுகு மரத்தில் ஒட்டியிருக்க, இரண்டு கையும் பின்னால் மரத்தைப் பிடித்திருந்தன. தண்ணீர் மேட்டின் விளிம்பை நனைத்துவிட்டு நனைத்துவிட்டுப் போயிற்று. மேட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், ஆள் ஆழம்.

“மிஷின பாக்க வந்தன். பாத்தா இது நிக்குது. நான் ஒரு அடி வெச்சா அது மரத்த சுத்தி வாய்க்கா பக்கம் போவுது. ‘கூப்ட்டா வரக்கூடாது’ங்குது. ரெண்டுதரம் பாத்துட்டன். அதான் நட்ட கம்பாட்டம் நிக்கறன். நானும் வுட்டுட்டுப் போவ முடியல, கிட்டயும் போவ முடியல.”

நான் போனால் வந்துவிடுவாள் என்று இறங்கினேன். “பாப்பா, அம்மாடி. வா.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னாலும் பார்த்தாள். “வண்டி எங்க?”

“மேட்டுல நிக்குதுடி. பால்வாடியாண்ட. வா போலாம்.”

“துணி இங்க கீது.”

“அப்பா மறந்துட்டாரு. வாடி தங்கம்.” இரண்டடி வைத்தேன். அவள் மரத்தைச் சுற்றி நகர்ந்தாள். ஒரு கால் வேரிலிருந்து வழுக்கி, மறுபடி ஒட்டியது. நின்றுவிட்டேன். பாய்ந்து பிடிக்கலாம். நான் பாயும் நேரத்துக்குள் அவள் இன்னும் ஓரடி நகர்ந்தால் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. முகத்தில் பிடிவாதம்கூட இல்லை. நாங்கள் சொன்னதை எங்களிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டு நின்றாள்.

“துணிய எடு. அப்பத்தான் வருவன்” என்றாள்.

துணி என் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“நவுரு டீச்சரே” என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார். தொரட்டியை நீட்டினார். தழை பறிக்கிற கழி நீளமானது. ஆனாலும் எட்டவில்லை. அவர் தண்ணீரில் இன்னும் முன்னே வந்தார். சின்னவள் அவரைப் பார்த்து விறைத்தாள். “நான் ஒன்னத் தொட மாட்டன்டி. என் ஆட்டுக்குத் துணி வேணுமாம், அத எடுக்க வந்தன். நீ குடுப்பியோ மாட்டியோ” என்றார், கொட்டகையில் பேசுவது போலவே.

“அது எங்க துணி” என்றாள் சின்னவள்.

“உங்களுதுதான். எடுத்துக் குடுக்கறன், நீயே வெச்சிக்க. ஆடு பட்டினி கெடக்கட்டும்.”

தொரட்டியின் கொக்கி துணியின் பறக்கிற நுனியில் மாட்டியது. அக்கா இழுத்தார். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. களத்துக்காரரும் கழியைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததில் பழைய வாயில் துணி நீளவாக்கில் கிழிந்தது. பாதி கீழே வந்து தண்ணீரில் விழுந்தது. ஓட்டம் அதைப் பிடித்து இழுக்குமுன் நான் அதன்மேல் விழுந்தேன். எழுந்து, ஒரு நுனியை என் கையில் சுற்றிக்கொண்டு மறுநுனியை அவளிடம் எறிந்தேன்.

அவள் மரத்தை விட்டாள். துணியைப் பிடித்தாள். மடிக்கப் பார்த்தாள், ஒவ்வொரு ஊரிலும் செய்வது போல. நான் துணியை என் பக்கமாகச் சுருட்டிக்கொண்டே போய் அவளைத் தொட்டேன். தொட்டபோது அவள் உடம்பு வயல் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தது.

நாங்கள் அக்கா வீட்டுத் திருப்பத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது வேர் மேடு தெரியவில்லை. பனை மட்டும் தண்ணீரில் நின்றது. அதில் பாதித் துணி.

இவர் பெல்ட்டோடு வந்து சேர்ந்தபோது அவள் வேனில் போர்த்திப் படுத்திருந்தாள். கிழிந்த துணி உள்ளே கொடியில் காய்ந்தது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பெல்ட்டைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பள்ளிவிட்டு வந்த பெரியவள்தான் கடைசியில் சொன்னாள். “நான் அப்பவே கேட்டன்.”

மெஷின் பாதி முழுகி, மீண்டது. கரை நின்றது. மார்கழிக்குள் கரிக்கலாம்பாக்கத்து வீட்டுக்குக் கதவு வைத்துக் குடிபோனோம். சின்னவளுக்குப் புதுக் கதவின் தாழ்ப்பாள் பிடித்திருந்தது, போட்டுப் போட்டு எடுப்பாள். இந்த ஊர்ப் பால்வாடியில் யார் போய்க் கூப்பிட்டாலும் அவள் வெளியே வருவதில்லை. நான் பையிலிருந்து அந்தப் பாதித் துணியை எடுத்துக் காட்ட வேண்டும். மறந்துபோன நாளில் திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்துவந்திருக்கிறேன். பாகூர் பஸ்ஸில் போகும்போது வயல்களுக்கு அப்பால் அந்தப் பனை தெரியும். மீதித் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் வெளுத்துவிட்டது. அவள் இருக்கையில் ஏறி நின்று அதன் அடியில் பார்ப்பாள். பிறகு உட்கார்ந்துகொள்வாள்.

தை பிறந்தது. இவர் தனியாகத்தான் போனார். கூட வருகிறோம் என்று நானும் சொல்லவில்லை, வா என்று அவரும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த மாலை போன் செய்தார். பெரியவள் பேசிவிட்டுச் சின்னவளிடம் கொடுத்தாள். சத்தம் எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தோம். பின்னால் மெஷின் ஓடும் சத்தம், கொக்குகள்.

“பாப்பா, அப்பா வந்ததும் இன்னா செஞ்சன் சொல்லு. தென்னைல புதுத் துணி கட்டிட்டன்.” பழக்கம் விடாமல் கட்டியிருப்பார். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“யாருக்குப்பா?” என்றாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.